அப்டேட் எப்போது என்பதை நீங்கள் சொல்லுங்கள்: வீட்டில் புதிதாகக் கணினி வாங்கியவர்களுக்கு

வீட்டுக்குக் கணினி வந்த ஒன்றிரண்டு மாதத்துக்குள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "இந்த விண்டோஸ் அப்டேட்டை அடியோடு நிறுத்த முடியாதா?" மன்னார்குடியில் கல்லூரியில் படிக்கும் பெண் கேட்டாலும் சரி, கும்பகோணத்தில் பாத்திரக்கடைக் கணக்கை வீட்டில் உட்கார்ந்து பார்க்கும் பெரியவர் கேட்டாலும் சரி, நான் சொல்வது இதுதான். நிறுத்தாதீர்கள். அது எப்போது இறங்க வேண்டும், யாருடைய டேட்டாவில் இறங்க வேண்டும், கணினி எப்போது அணைந்து மறுபடி எழ வேண்டும் என்ற மூன்றையும் உங்கள் கைக்குக் கொண்டுவாருங்கள். சாதாரண விண்டோஸ் ஹோம் பதிப்பிலேயே இதற்கான வசதிகள் இருக்கின்றன. இணையத்தில் கிடைக்கும் 'அப்டேட் பிளாக்கர்' எதையும் இறக்கிப் போட வேண்டியதில்லை. அவற்றில் பல நல்லதைவிடக் கெட்டதையே அதிகம் செய்யும்.

ஏன் நிறுத்தக் கூடாது என்பதற்கு 2017 ஒன்றே போதும். வான்னாக்ரை என்ற வைரஸ் நுழைந்த ஓட்டையை மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு மார்ச் 14 அன்றே அடைத்து அப்டேட் கொடுத்துவிட்டது. வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது மே 12-இல். இடையில் கிட்டத்தட்ட இரண்டு மாதம் இருந்தும் அந்த அப்டேட்டைப் போடாத கணினிகள்தான் அதில் மாட்டின. அதற்காக எது வந்தாலும் உடனே போட்டுவிட வேண்டும் என்பதில்லை. 2018 அக்டோபர் 2 அன்று வெளிவந்த விண்டோஸ் 10-இன் பெரிய அப்டேட், சிலருடைய டாக்குமெண்ட்ஸ், படங்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டது. நான்கைந்து நாளிலேயே மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்தி, சரிசெய்து, நவம்பரில்தான் மறுபடி வெளியிட்டது. ஆகவே ஒன்றிரண்டு வாரம் தள்ளிப்போடுவதில் தவறில்லை. ஆறு மாதம் தள்ளிப்போட்டால் வம்பை விலைக்கு வாங்குவதாகும்.

முதலில், எது எப்போது வருகிறது

மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வருகிறது. அமெரிக்க மேற்குக் கரையில் காலை 10 மணி என்றால் நமக்கு அன்று இரவு பத்தரை; அங்கே குளிர்காலமாக இருந்தால் பதினொன்றரை. அதனால் நம் வீட்டுக் கணினி அதைப் பார்ப்பது பெரும்பாலும் புதன்கிழமை காலையில். இது கட்டாயம் போட வேண்டியது.

மாதக் கடைசியில் 'பிரிவ்யூ' என்ற பெயரில் இன்னொன்று வரும். அது அடுத்த மாதம் வரப்போவதன் வெள்ளோட்டம். உங்களுக்கு வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெரிய அப்டேட்டை 'ஃபீச்சர் அப்டேட்' என்பார்கள். விண்டோஸின் பதிப்பையே மாற்றுவது அது. 2018-இல் கோப்புகளை அழித்தது இந்த வகைதான். இதற்குக் கொஞ்சம் பொறுத்திருக்கலாம். அப்புறம் டிரைவர் அப்டேட்கள், அதாவது பிரிண்டர் போன்ற கருவிகளை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருளுக்கானவை. 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்' என்ற இடத்தில் பிரிண்டருக்கு, வைஃபைக்கு என்று சில கிடக்கும். பிரிண்டர் ஒழுங்காக ஓடுகிறதா? அந்தப் பக்கமே போகாதீர்கள்.

உங்களிடம் இருப்பது விண்டோஸ் 10-ஆ, 11-ஆ என்று தெரியாவிட்டால், விண்டோஸ் பொத்தானையும் 'ஐ' எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். செட்டிங்ஸ் திறக்கும். அதில் சிஸ்டம், அதற்குள் அபவுட். பதிப்பின் பெயர் அங்கே இருக்கும். கீழே சொல்லும் வழிகள் விண்டோஸ் 11-க்கானவை. 10-இல் செட்டிங்ஸுக்குள் 'அப்டேட் அண்ட் செக்யூரிட்டி' என்று போனால் அநேகமாக இதே பெயர்களைப் பார்க்கலாம்.

கணினி தானாக அணைவதை நிறுத்த

"ஏன் தம்பி, நான் ஒண்ணும் கேக்கவே இல்லையே, அதுவா எப்படி அணைஞ்சு எழுந்துச்சு?" இந்தக் கேள்விக்குப் பதில் 'ஆக்டிவ் ஹவர்ஸ்' என்ற அமைப்பில் இருக்கிறது. நீங்கள் வேலை செய்யும் நேரம் எது என்று விண்டோஸ் தானாகவே ஊகித்துக்கொள்கிறது. அந்த நேரத்துக்கு வெளியே இருந்தால் ரீஸ்டார்ட் செய்துவிடும். நம் வீடுகளில் கணினி ஓடும் நேரத்துக்கு ஒழுங்கு கிடையாது. பகலில் மின்சாரம் இல்லை என்றால் இரவு 11 மணிக்கு மேல் உட்காருவோம். விண்டோஸின் ஊகம் அங்கே தப்பிவிடுகிறது.

செட்டிங்ஸ், விண்டோஸ் அப்டேட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்று போங்கள். ஆக்டிவ் ஹவர்ஸ் என்ற வரியில் 'ஆட்டோமேட்டிக்' என்று இருப்பதை 'மேனுவல்' ஆக்குங்கள். அதிகபட்சம் 18 மணி நேரம் கொடுக்கலாம். காலை 7 முதல் மறுநாள் அதிகாலை 1 வரை என்று முழுசாக 18-ஐயும் கொடுத்துவிடுங்கள். கஞ்சத்தனம் வேண்டாம்.

அதே பக்கத்தில் இன்னும் இரண்டைப் பாருங்கள். 'கெட் மீ அப் டு டேட்' என்று ஒரு சுவிட்ச். பெயரைப் பார்த்து நல்லது என்று போட்டுவிடுவார்கள். அது போட்டிருந்தால் நீங்கள் குறித்த நேரத்துக்குள்ளும் ரீஸ்டார்ட் செய்யலாம் என்று அனுமதி கொடுத்ததாக அர்த்தம். 15 நிமிடத்துக்கு முன் ஓர் அறிவிப்பு காட்டும், அவ்வளவுதான். அதை அணைத்து வையுங்கள். ரீஸ்டார்ட் தேவைப்படும்போது அறிவிக்கும் 'நோட்டிஃபை மீ' என்ற சுவிட்சை மட்டும் போட்டு வையுங்கள். அங்கிருந்து பின்னால் வந்து விண்டோஸ் அப்டேட்டின் முதல் பக்கத்தில் 'கெட் த லேட்டஸ்ட் அப்டேட்ஸ்' என்று தொடங்கும் சுவிட்ச் இருந்தால் அதையும் அணையுங்கள். மாதக் கடைசி வெள்ளோட்டம் உங்களைத் தேடி வருவது அதோடு நிற்கும்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆக்டிவ் ஹவர்ஸ் தடுப்பது ரீஸ்டார்ட்டை மட்டுமே. அப்டேட் இறங்குவதை அது தடுக்காது. இறங்குவதைத் தடுக்க வேறு இரண்டு வழிகள் இருக்கின்றன.

தள்ளிப்போடுவது: தேதி பார்த்துச் செய்யுங்கள்

விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே 'பாஸ் அப்டேட்ஸ்' (Pause updates, அதாவது அப்டேட்டைச் சில காலம் நிறுத்தி வைப்பது) இருக்கிறது. ஒரு வாரம் முதல் ஐந்து வாரம் வரை தேர்ந்தெடுக்கலாம். விண்டோஸ் 10-இல் ஏழு ஏழு நாளாக 35 நாள் வரை. அதற்கு மேல் தள்ள வேண்டும் என்றால் நிலுவையில் உள்ளதைப் போட்டுவிட்டுத்தான் மறுபடி தள்ள முடியும்.

பலர் எரிச்சல் வந்த அன்று ஐந்து வாரம் தள்ளிவிட்டு மறந்துவிடுகிறார்கள். ஐந்து வாரம் முடிகிற நாள் எது என்று அவர்களுக்குத் தெரியாது. அது அநேகமாக வேலை நெருக்கும் நாளாகத்தான் வந்து நிற்கும். காலண்டரைப் பார்த்துத் தள்ளுவதுதான் சரி.

ஜிஎஸ்டி தாக்கல் செய்கிறவர்களை எடுத்துக்கொள்வோம். இரண்டாவது செவ்வாய் என்பது எந்த மாதமானாலும் 8 முதல் 14-க்குள்தான் விழும். மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு விற்பனை விவரம் கொடுக்கும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்துக்குக் கடைசி நாள் 11. வரியைக் கணக்கிட்டுக் கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்துக்குக் கடைசி நாள் 20. அதாவது கணக்கு மென்பொருளான டேலியைத் திறந்து பில்களைச் சரிபார்த்து, ஜிஎஸ்டி போர்ட்டல் திணறும் நேரத்தில் ஓடிபிக்குக் காத்திருக்கும் அதே வாரத்தில்தான் அப்டேட்டும் வந்து கதவைத் தட்டும். இது ஏதோ தற்செயல் இல்லை. இரண்டு காலண்டரும் அப்படி அமைந்துவிட்டன, பல மாதங்களில் இப்படித்தான் நடக்கும். ஆகவே ஒவ்வொரு மாதமும் 7-ஆம் தேதி இரண்டு வாரம் பாஸ் போடுங்கள். 21 வரை தொந்தரவு இல்லை. 3பி போட்டு முடித்த மறுநாள் அப்டேட்டுக்கு வழிவிடுங்கள். இரண்டு வாரத்தில் அந்த அப்டேட்டில் ஏதாவது கோளாறு இருந்தாலும் செய்தியில் வந்திருக்கும்.

மாணவர்களுக்கு இதே கணக்கு. ப்ராஜெக்ட் சமர்ப்பிக்கும் நாள், ஆன்லைன் விண்ணப்பத்தின் கடைசித் தேதி தெரிந்ததும், அதற்கு ஒரு வாரம் முன்னதாகவே உள்ளதைப் போட்டு முடித்துவிட்டு பாஸ் போடுங்கள்.

ஹாட்ஸ்பாட்டில் ஓடும் வீடுகள்

தஞ்சாவூர், கும்பகோணம் மாதிரி ஊர்களில் ஃபைபர் இணைப்பு வந்துவிட்டது. கொஞ்சம் தள்ளி உள்ளே போனால், வலங்கைமானிலும் திருத்துறைப்பூண்டியிலும் சுற்றுக் கிராமங்களில், அப்பாவின் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டுத்தான் பல மடிக்கணினிகள் ஓடுகின்றன. நாளைக்கு ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி என்ற பேக். மாதாந்திர அப்டேட் சில நூறு எம்பியிலிருந்து அதற்கு மேலும் போகும். ஃபீச்சர் அப்டேட் என்றால் பல ஜிபி. காலை ஒன்பது மணிக்கே "இன்றைய டேட்டா தீர்ந்துவிட்டது" என்று போனுக்குச் செய்தி வந்தால், குற்றவாளி யார் என்று தேட வேண்டாம்.

இதற்கு மருந்து 'மீட்டர்டு கனெக்ஷன்'. ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்த பிறகு செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை, அதில் அந்த ஹாட்ஸ்பாட்டின் ப்ராபர்ட்டீஸ். உள்ளே மீட்டர்டு கனெக்ஷன் என்ற சுவிட்சைப் போடுங்கள். இது அளந்து செலவழிக்க வேண்டிய இணைப்பு என்று விண்டோஸுக்குத் தெரிந்துவிடும். பெரும்பாலான அப்டேட்களைத் தானாக இறக்காது. உங்கள் கோப்புகளை இணையத்தில் சேமிக்கும் ஒன்டிரைவும் சற்று அடக்கி வாசிக்கும்.

இதில் மூன்று இடத்தில் கால் இடறும். இந்த அமைப்பு ஒவ்வோர் இணைப்புக்கும் தனித்தனி. அப்பா போனுக்குப் போட்டது அண்ணன் போனுக்கு ஆகாது. போனை வயர் போட்டு இணைத்து யூஎஸ்பி டெதரிங் செய்தால் கணினி அதை வைஃபையாகப் பார்க்காது, 'ஈதர்நெட்' என்றே காட்டும். அங்கே போய் அதற்குத் தனியாக மீட்டர்டு போட வேண்டும். பலரும் விடுவது இதைத்தான். மூன்றாவது, அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் 'டவுன்லோட் அப்டேட்ஸ் ஓவர் மீட்டர்டு கனெக்ஷன்ஸ்' என்று ஒன்று உண்டு. அது போட்டிருந்தால் மேலே செய்ததெல்லாம் வீண். அணைத்துவிடுங்கள்.

அதே அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் 'டெலிவரி ஆப்டிமைசேஷன்' என்பதையும் ஒருமுறை திறந்து பாருங்கள். நீங்கள் இறக்கிய அப்டேட்டை உங்கள் டேட்டாவிலேயே முகம் தெரியாத வேறு கணினிகளுக்கு அனுப்ப அனுமதி கொடுக்கும் அமைப்பு அது. வீட்டில் இரண்டு கணினி இருந்து ஒரே ரௌட்டரில் ஓடினால் 'லோக்கல் நெட்வொர்க்' என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்று இறக்கியதை மற்றது எடுத்துக்கொள்ளும், மிச்சம்தான். ஒரே கணினி என்றால் அணைத்துவிடுங்கள்.

சரி, எல்லாவற்றையும் அடைத்துவிட்டால் அப்டேட் எப்படி இறங்கும்? மாதம் ஒருமுறை மடிக்கணினியை ஃபைபர் இருக்கும் வீட்டுக்கு, சித்தப்பா வீடோ நண்பன் வீடோ, எடுத்துக்கொண்டு போய் அங்கே 'செக் ஃபார் அப்டேட்ஸ்' அழுத்துங்கள். அதற்கு வழியில்லாதவர்கள், இரவு படுக்கும் முன் அன்றைய பேக்கில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்து, நள்ளிரவில் வீணாகப் போகிற டேட்டாவை இதற்குப் பயன்படுத்தலாம். மீட்டர்டு என்று போட்டிருந்தாலும் நீங்களாக டவுன்லோட் அழுத்தினால் இறங்கும்.

கரண்ட் விஷயம்

அப்டேட் இறங்கும்போது மின்சாரம் போனால் பெரிய கேடில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரும். ரீஸ்டார்ட் ஆகி, கறுப்புத் திரையில் புள்ளிகள் வட்டமாகச் சுற்ற, கீழே சதவீதம் ஏறிக்கொண்டிருக்கும்போது போனால்தான் ஆபத்து. விண்டோஸ் திறக்காமலே போகலாம்.

மின்சாரம் போனதும் கணினியைச் சிறிது நேரம் தாங்கும் யூபிஎஸ் உங்கள் மேசைக் கணினிக்கு இல்லை என்றால் இதைப் படித்த கையோடு ஒன்று வாங்கப் பாருங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பீர்கள். மின்சாரம் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும் அந்தக் கண்சிமிட்டும் நேரத்தில் மின்விசிறிக்கு ஒன்றும் ஆகாது, கணினி அணைந்துவிடும். பல இன்வெர்ட்டர்களில் பின்பக்கமோ முன்பக்கமோ 'யூபிஎஸ்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதில் வைத்தால் அந்த மாற்றம் வேகமாக நடக்கும். மடிக்கணினிக்கு பேட்டரியே யூபிஎஸ். ஆனால் அரசு கொடுத்த பழைய மடிக்கணினி போல பேட்டரி செத்துப்போனது என்றால், அதையும் மேசைக் கணினியாகவே நினைத்துக்கொள்ளுங்கள்.

மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காக நிறுத்தும் நாள் முன்கூட்டியே நாளிதழில் வந்துவிடும். அன்று காலை எட்டரைக்கு அப்டேட்டைத் தொடங்காதீர்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, இன்னும் கவனம் வேண்டும். நாகப்பட்டினம் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிய செய்தி வந்தால் உடனே பாஸ் போடுங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்த பிறகு வேதாரண்யம் பக்கம் பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அந்த மாதிரி நாட்களில் மடிக்கணினியின் பேட்டரி உங்கள் போனுக்கு சார்ஜ் போட வேண்டியது. அப்டேட்டுக்கு அதைச் செலவழிக்கலாகாது.

போடுகிற நாள்

முதலில் முக்கியமான கோப்புகளை ஒரு பென்டிரைவிலோ வெளி ஹார்டு டிஸ்க்கிலோ நகல் எடுங்கள். சி டிரைவில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபீச்சர் அப்டேட்டுக்கு 20 ஜிபியாவது காலியாக இருப்பது நல்லது. இடம் இல்லை என்றால் சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போய் 'விண்டோஸ் அப்டேட் கிளீனப்' என்பதை டிக் செய்து நீக்கலாம். அந்தப் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்றும் ஒன்று இருக்கும். அதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். அதை நீக்கினால் நீங்கள் இறக்கி வைத்த மார்க்‌ஷீட், பட்டா நகல், வாட்ஸப் வெப்பில் இறக்கிய படங்கள் எல்லாம் போய்விடும்.

பிறகு விண்டோஸ் அப்டேட்டில் 'ரெஸ்யூம்' அழுத்தி இறங்க விடுங்கள். முடிந்ததும் ஸ்டார்ட் மெனுவில் பவர் பொத்தானின் ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் சின்னப் புள்ளி தெரியும். உள்ளே 'அப்டேட் அண்ட் ரீஸ்டார்ட்', 'அப்டேட் அண்ட் ஷட் டவுன்' என்று இருக்கும். முதலாவதை எடுங்கள். கண் எதிரிலேயே முடிந்துவிடும். காலையில் அவசரமாகத் திறக்கும்போது மீதி வேலை காத்திருக்காது.

பழைய ஹார்டு டிஸ்க் உள்ள கணினியில் சதவீதம் ஒரே எண்ணில் வெகுநேரம் நிற்கும். பதறி பவர் பட்டனை அழுத்தாதீர்கள். டிஸ்க் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

போட்ட பிறகு தகராறு செய்தால்

மாதாந்திர அப்டேட்டுக்குப் பிறகு பிரிண்டர் நின்றது, டேலி திறக்கவில்லை என்றால், முதலில் இன்னொரு முறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே போய்விடும். போகாவிட்டால் விண்டோஸ் அப்டேட், அப்டேட் ஹிஸ்டரி, அதன் அடியில் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்'. கடைசித் தேதியில் வந்ததை நீக்கிவிட்டு, உடனே ஒரு வாரம் பாஸ் போடுங்கள். இல்லாவிட்டால் மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளும். ஃபீச்சர் அப்டேட் பிடிக்கவில்லை என்றால் சிஸ்டம், ரெக்கவரி, 'கோ பேக்'. இதற்கு 10 நாள்தான் கெடு.

விண்டோஸே திறக்கவில்லை என்றால்? இரண்டு மூன்று முறை திறக்க முயன்று தோற்றால் அதுவே பழுதுபார்க்கும் திரைக்குப் போகும். அங்கே 'ட்ரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்'. கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, ஃபார்மட் செய்யச் சொல்வதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

புதிய மடிக்கணினிகளில் டிஸ்க் பூட்டப்பட்டே வருவதுண்டு. சில நேரம் அப்டேட்டுக்குப் பிறகு அந்தப் பூட்டைத் திறக்கும் 48 இலக்க 'பிட்லாக்கர் ரெக்கவரி கீ' கேட்டு நீலத் திரை நிற்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு கணினியைத் தொடங்கியிருந்தால் அந்த எண் உங்கள் கணக்கில் பதிவாகியிருக்கும். இப்போதே போனிலிருந்து அந்தக் கணக்கில் நுழைந்து எண்ணைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கடையில் யாரோ ஒருவர் தன் மின்னஞ்சலைப் போட்டுத் தொடங்கிக் கொடுத்த கணினி என்றால், அதை முதலில் உங்கள் கணக்குக்கு மாற்றுங்கள்.

பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கு

விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-உடனும், 8.1-க்கு 2023 ஜனவரி 10-உடனும் அப்டேட் நின்றுவிட்டது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான அப்டேட் முடிந்தது. ஆனால் வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்பு ஒன்றை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே 'என்ரோல்' என்ற இணைப்பின் வழியாகச் சேரலாம். அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் பணம் கட்ட வேண்டியதில்லை. இந்தப் பழைய கணினிகளில் பலவற்றுக்கு விண்டோஸ் 11 ஏறாது. அவற்றை எறிய வேண்டாம். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளலாம். அதில் அப்டேட் வந்தால் கீழே ஓரத்தில் ஒரு சின்னக் கேடயத்தில் காட்டும், நீங்கள் அழுத்தினால்தான் போடும். ஆனால் டேலி அதில் ஓடாது, பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்டேட் வேஷத்தில் வருவது

இணையத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருக்கும்போது, "உங்கள் குரோம் பழையதாகிவிட்டது, இங்கே அழுத்தி அப்டேட் செய்யவும்" என்று திரை முழுக்க ஒரு பக்கம் விரியும். அழுத்தாதீர்கள். குரோமின் அப்டேட் எந்த இணையப் பக்கத்திலும் வராது. அதன் வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளி மெனுவுக்குள்தான் வரும். விண்டோஸின் அப்டேட் செட்டிங்ஸுக்குள்தான் வரும். "மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுகிறோம், உங்கள் கணினியில் அப்டேட் நின்றுவிட்டது" என்று யாராவது போன் செய்தால் வைத்துவிடுங்கள்; மைக்ரோசாஃப்ட் அப்படி யாரையும் தானாகக் கூப்பிடுவதில்லை. அதற்குள், தூரத்திலிருந்தே உங்கள் கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் போல எதையாவது போடச் சொல்லி, நீங்களும் போட்டு, கணக்கிலிருந்து பணம் போயிருந்தால், இணைப்பைத் துண்டித்துவிட்டு உடனே 1930-க்கு அடியுங்கள். அது சைபர் குற்ற உதவி எண். பிறகு வங்கிக்கும் சொல்லிக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள்.